கல்லுக்கோயிலுக்கு வந்த குருத்தோலை

எங்கள் மலைத்தோட்டத்துச் சபையின் அறிவிப்புகள் இப்போதெல்லாம் கைபேசியில் வந்துவிடுகின்றன. கொழும்பில், வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கும்போது, செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியம் இன்னார் வீட்டில், வியாழன் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் குடை கொண்டு வரவும், அறுவடைப் பண்டிகைக்கு லீக்ஸ் தருகிறவர்கள் மண் போகக் கழுவித் தரவும் என்று செய்தி வரும். எதற்கும் நான் போகப்போவதில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன். படிக்கும்போது காலில் குளிர் ஏறுகிற மாதிரி இருக்கும்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் இதையெல்லாம் சபை மூப்பர்தான் கோயிலில் நின்று சொல்லுவார். ஸ்கொட்லாந்து துரைமார் தங்களுக்கென்று கட்டி, பிறகு எங்களுக்கு விட்டுப்போன கல் கட்டடம் அது. எங்கள் தோட்டத்தில் அதற்குக் கல்லுக்கோயில் என்று பெயர். மலைக்கு மேலே இருந்த மாரியம்மன் கோயில், மேக்கோயில். போதகருக்கு நுவரெலியாப் பக்கம் வேறு சபைகளும் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் ராச்சியம். அவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல் என்பதால், அவர் "ஜெபிப்போம்" என்று சொன்னாலே இரண்டு பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அறிவிப்புக்கு விழித்துக்கொள்வார்கள். வரப்போகிற வாரம் முழுவதும் அதில் இருந்தது. யார் வீட்டில் ஜெபம், யார் வீட்டில் சுகமில்லை, பாட்டுப் பழக்கம் எத்தனை மணிக்கு, யாருடைய ஆட்டைக் காணவில்லை என்பதுவரை கர்த்தருடைய வீட்டில் சொல்லப்படும். ஆடும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்பு மூப்பர் வழக்கம்போல மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு அறிவித்தார். ஓலை சனிக்கிழமை ரயிலில் நானுஓயாவுக்கு வரும். எங்கள் உயரத்தில் தென்னை வளராது. தேயிலையும் டர்பன்டைன் மரமும் சைப்ரஸும்தான் வளரும். அதனால் கீழே கம்பளைப் பக்கம் இருந்த மூப்பரின் மச்சான்தான் ஒவ்வொரு வருடமும் ஓலை வெட்டி அனுப்புவார். பிறகு மூப்பர் சொன்னார்.

"ஓலையில சிலுவ செய்யிற வேலைய இந்த வருசம் நம்ம ஸ்டோர்காரர் சம்சாரம் பாத்துக்குவாங்க."

ஸ்டோர்காரர் என்றால் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அப்பா. சம்சாரம் என் அம்மா. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டைத் தேடத் தொடங்கினார்.

அது எவ்வளவு பெரிய சங்கதி என்று அறிய அம்மாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அம்மா மேக்கோயில் வீட்டுப் பெண். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற குடும்பம். அப்பாவைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு கல்லுக்கோயிலுக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்து ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசுகூட வாங்கிவிட்டேன், ஆனாலும் பெண்கள் ஐக்கியத்தில் அம்மாவைப் "புதுசா வந்தவங்க" என்றுதான் சொல்வார்கள். கூட்டுவதற்கும் கோப்பை கழுவுவதற்கும் கூப்பிடுவார்கள். முறுக்குச் சுடக் கூப்பிடமாட்டார்கள். இத்தனை காலம் சிலுவை செய்துவந்த பெரியம்மா ஒருவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டதால்தான் இந்த வேலை அம்மாவுக்கு வந்தது. எப்படி வந்தால் என்ன, சபைக்கு முன்னால் சொல்லி வந்த முதல் வேலை. அம்மா அந்த வாரம் முழுவதும் சிறு கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தார். அப்பா, "ஓலையக் கிழிக்கவா, ஆளக் கிழிக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. அப்பா வாடகைக்கு வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானுஓயாவுக்குப் போய், ஸ்டேஷனில் குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கீழே எங்கோ மண் சரிந்து ரயில் வரவில்லை. மூப்பர் குடையோடு எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சைப்ரஸ் கெளைய ஒடிச்சிக்குவோம். கர்த்தர் கோவிச்சிக்க மாட்டாரு," என்றார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், "சிலுவ வேல இந்த வருசம் வேணாம்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார்.

"சரிங்க," என்றார் அம்மா. அடுத்த வருடம் கொழும்புக்குப் போன பெரியம்மா திரும்பி வந்துவிடலாம். அல்லது வேறு யாராவது கையை நீட்டலாம். அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் ஊர்வலத்தில் அந்த வருடம் முன்னால் போகப்போகிறவள் நான் என்பதும், துடைப்பக்கட்டை மாதிரி ஒரு சைப்ரஸ் கிளையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடமுடியாது என்பதும்தான். நான் அழுதேன்.

மலையில் ஓலை இல்லாமலும் இல்லை. மேக்கோயில் திருவிழாவுக்கு லொறியில் வாழை மரமும் ஓலையும் முதல் நாளே வந்து இறங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரகம் பாலித்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். கோயில் தலைவர் என் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா. இலங்கையின் உயரமான மலை பீதுருதாலகாலை என்பதைப் போல, அவர் என் மாமா என்பதும் எனக்குத் தெரிந்த ஒரு பொது அறிவு. அதனால் எனக்கு ஆனது ஒன்றுமில்லை. அம்மா கல்லுக்கோயிலில் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்தப் பேச்சு எடுத்தாலே அப்பா அண்ணாந்து கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அன்று மழை விட்டதும் அம்மா எனக்கு நல்ல ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார். அப்பா, "நானும் வரவா?" என்று கேட்டார்.

"நீங்க வந்தா அவரு தோரணம் கட்டுற ஏணிய விட்டு எறங்கமாட்டாரு. வேணாங்க," என்றார் அம்மா.

கொழுந்துக் கூடை இல்லாமல் அம்மா அந்த மலையில் ஏறி நான் பார்த்ததில்லை. கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

மாமா ஏணியில்தான் நின்றிருந்தார். கோயில் பாதை தொடங்கும் இடத்தில் மூங்கில் வளைவு நட்டு அதில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஏணிக்குக் கீழே போய் நின்றார். மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, எதுக்கு வந்திருக்காங்கன்னு ஒங்கம்மாகிட்ட கேளு."

நான் அம்மா பக்கம் திரும்பி, "எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்குறாங்க," என்றேன்.

"ஓல இல்லாமப் போச்சுன்னு சொல்லு. ரயில் வரல்லன்னு சொல்லு."

சொன்னேன். மாமா வாயில் கவ்வியிருந்த கயிற்றை எடுத்தார். "இது சாமிக்குன்னு வந்த ஓல. வேற கோயிலுக்குக் குடுத்தா ஊரு நாளைக்கு என்னையத்தான் கேக்கும்னு சொல்லு."

"ஊரு கேக்குமாம்."

"சரின்னு சொல்லு," என்றார் அம்மா.

"சரியாம்."

இப்படிப்பட்ட முக்கியமான வேலை அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. பெரியவர்கள் இருவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சொல் சிந்தாமல் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் கொண்டுபோனேன். அம்மா திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, மாமா மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஓல கெடச்சா யாரு செய்யிறதா இருந்திச்சு?"

இதற்கு அம்மாவிடம் போகத் தேவையிருக்கவில்லை. "எங்கம்மாதான். எல்லாருக்கும் முன்னாடி மூப்பர் சொன்னாரு," என்றேன்.

மாமா கயிற்றை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சைப்ரஸ் ஒடிக்க நானும் அம்மாவும் கல்லுக்கோயிலுக்குப் போனோம். பனி இன்னும் புல்லில் இருந்தது. வாசல் படியில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. அம்மா அதைப் பிரித்தார். உள்ளே குருத்தோலை. இளம் மஞ்சளாக, ஒரு கட்டு முழுக்க, மஞ்சள் பூசிய கயிற்றால் கட்டியிருந்தது. அம்மா கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஓலையைத் தடவிக்கொண்டிருந்தார். நேரம் போகிறதே என்று எனக்குக் கவலை. அப்புறம் கத்தியை எடுத்தார். அந்தக் கை போன வேகத்தை என்னால் இன்னும் மறக்கமுடியவில்லை. ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, சிலுவை. பெண்கள் ஐக்கியத்தார் ஒவ்வொருவராக வந்து, நின்று, பார்த்து, கடைசியில் சுற்றி உட்கார்ந்து, "இத எப்புடி மடிச்சீங்க? எனக்குங் காட்டுங்க," என்று கேட்டார்கள். இந்த மடிப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேக்கோயில் தோரணத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

மூப்பர் வந்தார். ஓலையைக் கண்டு கண்கலங்கிப் போனார். "மச்சான் எப்புடியோ அனுப்பிட்டானே!"

எனக்கு உண்மை தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலிருக்க நான் பழகவில்லை. "இல்லீங்க ஐயா," என்றேன். "ரயில்ல வரல்ல. மேக்கோயில்ல கேட்டோம், தரமுடியாதுன்னுட்டாங்க. அதனால சாமியே கொண்டாந்து வச்சிட்டாரு."

அம்மா என் தொடையில் கிள்ளினார். சாட்சி சொன்னவளைக் கிள்ளுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். மூப்பர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். கொழுந்துக் கூடையை முகர்ந்தே எந்த மலைக் கொழுந்து என்று சொல்கிறவர் அவர். மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

அன்றைய அறிவிப்பு சுருக்கமாக இருந்தது. பெரிய வெள்ளி ஆராதனை நேரத்தைச் சொன்னார். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பிறகு தேத்தண்ணீர் உண்டு என்றார். பிறகு, "ஓல குடுத்த கைய ஆண்டவர் ஆசீர்வதிப்பாரு," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆண்டவரின் கையை ஆண்டவரே ஆசீர்வதிப்பதாவது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மூப்பர் வயதானவர் என்று விட்டுவிட்டேன். ஊர்வலத்தில் நான் முன்னால் போனேன். கையில் என் உயரத்துக்கு ஓலை.

சாயங்காலம் கரகம் பார்க்க மூன்று பேரும் கோயில் பாதை தொடங்கும் சந்திக்குப் போனோம். கல்லுக்கோயில்காரர்கள் கும்பிடமாட்டார்கள், பார்ப்பார்கள். மேளம் தொலைவில் கேட்டது. நான் மூங்கில் வளைவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒரு பக்கம் ஓலைத் தோரணம், ஓலைக் கிளி, எல்லாம் அழகாகத் தொங்கியது. மறுபக்கம் டர்பன்டைன் இலையும் சைப்ரஸ் கிளையும் சொருகியிருந்தது. பக்கத்தில் நின்றவர், "இந்த வருசம் தலைவரு கையச் சுருக்கிட்டாரு," என்று யாரிடமோ முணுமுணுத்தார். இன்னொருவர் அதையே உரக்கச் சொன்னார்.

"பாத்தியாம்மா," என்றேன் நான், "அவங்களுக்கே பத்தல. நம்ம சாமி நமக்கு எம்புட்டுக் குடுத்தாரு!"

அப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அங்கே கூரையே இல்லை.

மேளம் வந்தது. கரகத்துக்கு முன்னால் மாமா மஞ்சள் வேட்டியோடு வெறுங்காலில் நடந்து வந்தார். அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, எங்களுக்கு எதிரே வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஓல பத்துச்சான்னு ஒங்கம்மாகிட்ட கேளு."

எந்த ஓலையைக் கேட்கிறார், இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் குழப்பம். இருந்தாலும் என் வேலை மறுபடி எனக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, அம்மா பக்கம் திரும்பி, வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் தலைக்கு மேலாகப் பேசிவிட்டார்.

"பத்துச்சுண்ணே."

அவ்வளவுதான். மாமா தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்கள் நெருக்க, நடந்துவிட்டார். அம்மாவின் கை என் தோளை வலிக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்டது என்னிடம். சொல்ல வேண்டியவள் நான். பக்கத்தில் நின்றுகொண்டு என் வேலையை அம்மாவே பறித்துக்கொள்வதா? அன்று சாப்பிடும்போதுகூட நான் அம்மாவோடு பேசவில்லை. நான் பேசாமலிருப்பதை அம்மா கவனித்ததாகவும் தெரியவில்லை. மாமா, சித்தப்பா, தாத்தா என்று லயத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வைத்துக் கூப்பிடுகிற அம்மா, அண்ணே என்று மட்டும் அதுவரை ஒருவரையும் கூப்பிட்டதில்லை என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.