திருவுளச் சீட்டு

எங்கள் அரிப்புக் கிராமத்தில் இலக்கம் எழுதிக் குலுக்கி எடுப்பதைத் திருவுளச் சீட்டு என்போம். கடவுளின் விருப்பம் என்னவென்று கேட்பதாகப் பொருள். கரைவலை இழுக்க முறை பிரிப்பதற்கும், திருநாளில் மாதா சொரூபம் தூக்க ஆள் தெரிவு செய்வதற்கும் அதைத்தான் போடுவோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது.

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம், எங்கள் ஒழுங்கையின் ஐந்து குடும்பங்களுக்கும் சேர்த்து வீட்டுத்திட்டத்தில் ஒரேயொரு கல்வீடு கிடைத்தது. நாலு குடும்பத்துக்குத் தகரக் கூரையாவது இருந்தது. புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு தறப்பாளுக்குக் கீழே கிடந்த பக்கத்துக் காணி அக்காவுக்கு அதுவும் இல்லை. வீடு யாருக்குச் சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

"திருவுளச் சீட்டுப் போடுவம்" என்றார் மீனவர் சங்கத் தலைவர். எங்களுக்குத் தெரிந்த பதிலைக் கடவுளின் தலையில் கட்டிவிட்டு, நல்ல பிள்ளைகள் போலச் செபம் சொன்னோம். பால்மாப் பேணிக்குள், குடும்பத்துக்கொரு இலக்கம் எழுதிய ஐந்து துண்டுகளையும் போட்டுக் குலுக்கி, "நீங்களே எடுங்கோ அக்கா" என்று அவளிடமே நீட்டினார் தலைவர்.

அவள் எடுத்தது என்னுடைய இலக்கம்.

"ஆண்டவரின்ர விருப்பம்" என்றார்கள். அவளும் ஓம் என்று தலையாட்டினாள்.

அந்த வருட மாரியில் அவளுடைய தறப்பாள் காற்றில் அடிபடும் சத்தம் என் புது வீட்டுக்குள் கேட்டது. நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.