பார்பரம்மாவுக்கு முதல் டூட்டி

சூசையப்பர் சுரூபத்தை முந்தானையால் துடைத்து, போண்டாத் தட்டுக்கு மேலே இருக்கும் பலகையில் நிறுத்துகிறார் அடைக்கலமேரி. "எழுந்துக்குங்க சாமி, ஃபர்ஸ்ட் ஷிப்டு ஆளுங்க வந்துகினு இருக்காங்க." நெய்வேலியில் சுரங்க வாசலுக்கு எதிரே இருக்கும் அவருடைய டிபன் கடையில் புனிதர்களுக்கும் ஷிப்ட் முறைதான்.

காலைக்குச் சூசையப்பர். தச்சு வேலை செய்தவர், சீக்கிரம் எழுந்து பழகியிருப்பார். மதியத்துக்கு அந்தோணியார். காணாமல் போனதைத் தேடித் தருபவருக்கு நல்ல வெளிச்சம் வேண்டாமா? இரவுக்கு, இறக்கையும் வாளுமாக நிற்கும் மிக்கேல் சம்மனசு. டூட்டி முடிந்தவர்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் துண்டு விரித்துப் படுத்துவிட வேண்டும். ஓய்வில் இருப்பவரை எழுப்பி வேண்டுதல் வைக்க அடைக்கலமேரி விடமாட்டார். பைக் சாவியைத் தொலைத்துவிட்டுக் காலையிலேயே வந்து நின்ற வாடிக்கைக்காரர் பன்னீர்செல்வத்தை, "அந்தோணியாரு மத்தியானந்தாங்க வருவாரு, மொதல்ல டீயக் குடிங்க" என்று உட்காரவைத்துவிட்டார். கடைசியில் சாவி பைக்கிலேயே இருந்தது. "பாத்தீங்களா, தூக்கத்துலயே தேடிக் குடுத்துட்டாரு!"

மகள் சகாயசெல்விக்கு இதெல்லாம் சிரிப்பு. டிப்ளமோ படித்தவள். "அவங்கல்லாம் எந்தக் காலத்து ஆளுங்கம்மா! கன்வேயர் பெல்ட்டப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்?"

மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டபடியே அடைக்கலமேரி பதில் சொல்வார். "சூசையப்பரு கையில உளி படாமயா இருந்திருக்கும்? வேலைக்குப் போன ஆளு முழுசா வூடு வந்து சேரணும்னு அவரு வூட்லயும் வாசலப் பாத்துகினு இருந்திருப்பாங்கடி."

போன திங்கட்கிழமை அந்தப் பயம் அவர் வீட்டுக்கே வந்தது. சகாயசெல்வி சுரங்கத்தில் அப்ரண்டிஸாகச் சேரும் நாள். இத்தனை வருஷம் வாசலிலேயே கடை போட்டும், அடைக்கலமேரி ஒரு முறைகூடப் போய் அந்தக் குழியை எட்டிப் பார்த்ததில்லை. அதற்குள் பெற்ற மகளை அனுப்ப வேண்டும். சூசையப்பர் ஒருவர் போதுமா என்று டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மகள் பார்த்தாள். போனில் எதையோ தேடி, கையில் கோபுரம் ஏந்திய ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். "புனித பார்பரா. சுரங்கத்துல வேல செய்றவங்களுக்குன்னே இருக்குற புனிதையாம்."

அடைக்கலமேரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி! மைன்ஸ் வாசல்லயே குந்திகினு, நம்ம டிபார்ட்மெண்ட் அம்மாவத் தெரியாம இருந்துட்டேனே!"

போனைச் சூசையப்பர் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மகள் போய்விட்டாள்.

சிக்கல் அதன்பிறகுதான். படம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மங்கியது. மங்கினால் அணைந்துவிடும் என்று ஓடிப்போய் ஈர விரலால் தட்டினார். "தூங்காத தாயி. மொத நாளே தூங்குனா எப்படி?" திரும்புவதற்குள் தோசை கருகியது. அன்று கருகிய தோசையை யாரும் குறை சொல்லவில்லை; மகள் உள்ளே போயிருப்பது தெரிந்து, ஏன் என்று கேட்காமலே தின்றார்கள். பன்னீர்செல்வம் மட்டும் பொறுக்க முடியாமல், "செட்டிங்க மாத்திட்டா அணையாதுங்க" என்று கையை நீட்டினார்.

"வேணாங்க. அது பாட்டுக்கு எரிஞ்சிகினு இருந்தா, நான் இன்னாதான் பண்றது?"

மதியம் அந்தோணியார் வந்தும் சூசையப்பருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து, புழுதி படிந்த முகங்களாக ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். எல்லா ஹெல்மெட்டும் ஒன்றுபோலவே இருந்தது. அடைக்கலமேரி கரண்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பசிக்குது."

பக்கத்திலேயே நின்றாள். அடைக்கலமேரி மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டை வைத்துத் தோசையைப் போட்டார். சகாயசெல்வி இன்ஜினியரைப் பற்றியும் பெல்ட்டின் இரைச்சலைப் பற்றியும் வாய் நிறையத் தோசையோடு சொல்லிக்கொண்டே போனாள்.

பலகையில் படம் மங்கியது. அடைக்கலமேரி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் அணைந்தது. அவர் விரலை நீட்டவில்லை.