சத்தம் என்று குறித்துக்கொண்டோம்

ஆரியசாலையில் ஒரு பௌத்தக் குழுவின் தியானத்துக்கு இன்று போயிருந்தேன். முடிந்ததும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள்.

"எது கேட்டாலும் 'சத்தம்' என்று மனதில் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள்" என்றார் நடத்துபவர்.

கால் மணி நேரத்தில் பின்கட்டில் பாத்திரம் விழுந்தது. கூடவே ஓர் அலறல். பொட்டலத்துக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த செல்வியக்கா.

இருபது பேர் இருந்தோம். ஒருவரும் எழவில்லை.

பக்கத்து அரிசிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்தான் ஓடிவந்து அக்காவின் கையைக் குழாயடியில் பிடித்தார். முழங்கை வரை வெந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டார்: "இத்தன பேர் இருந்தீங்கல்லே, யாருக்கும் செவி கேக்காதோ?"

"கேட்டது சேட்டா. தியானத்துல இருந்தோம்" என்றார் நடத்துபவர், அமைதியாக.

"அக்கா அடுப்புல இருந்தாங்க" என்றார் மூட்டை இறக்கியவர்.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி: "இன்றைய அமர்வு ஆழமாக இருந்தது. செல்விக்கு அன்பை அனுப்புவோம்."

முப்பது வருடம் சத்தம் வந்த திசைக்கு ஓடிப் பிழைத்த நிருபர் நான். இன்று நானும் கண்ணைத் திறக்கவில்லை.

அக்கா எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று குழுவில் கேட்டேன். இதுவரை பதினொரு கைகூப்பிய பொம்மைகள் வந்திருக்கின்றன.

தெரிந்தவர்கள் இங்கே, இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். கைகூப்ப வேண்டாம்.