குடித்துத் தீர்ந்த மந்திரத் தண்ணீர்

கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, அந்த வருடம் எங்களுக்குக் கொண்டுவந்தது சொக்லட் அல்ல. ஒரு சின்னப் பை நிறையப் பல முகங்கள் கொண்ட பகடைக்காய்கள். அவரோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பழக்கிவிட்ட விளையாட்டாம். சாச்சா கதை சொல்வார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளாகிப் போய், என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைக் காய் தீர்மானிக்கும்.

நோன்பு மாதம். சாய்ந்தமருதில், கடற்கரையை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அசர் தொழுகை முடிந்து நோன்பு திறக்கும் வரையிலான நேரம் நகரவே நகராது. ஹோலில் பாயை விரித்து, எங்களுக்கு மூத்தவரான நானா, நான், தம்பி மூவரும் சாச்சாவைச் சுற்றிப் படுத்துக்கொள்வோம். பசியில் கண் பாதி சொருகியிருக்கும். மின்விசிறிச் சத்தத்தினூடே சாச்சாவின் குரல் வந்துகொண்டிருக்க, சீமெந்துத் தரை மெல்ல மெல்லக் காடாகும். ஜன்னல் திரை அசைந்தால் ஏதோ பெரிய மிருகம் மூச்சுவிடுவது போலிருக்கும். அடுப்படியில் உம்மா கிண்டும் கஞ்சியின் வாசனைகூட அந்தக் காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

அந்த உலகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆளுக்கு இவ்வளவு சொத்து என்று ஓர் அளவு உண்டு. பொன், வாள், தானாக நீளும் கயிறு, காயத்தை ஆற்றும் மந்திரத் தண்ணீர்க் குப்பிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். சாச்சா மூவருக்கும் சமமாகப் பங்கிட்டார். நானா தன் பங்கில் எதையும் தொடவில்லை. தம்பி எதைக் கண்டாலும் முன்னால் ஓடி அடிபடுவான். வைத்தியம் பார்ப்பவள் நான். என் குப்பிகள் ஒவ்வொன்றாக அவன் வாய்க்குள் போயின. முதல் தடவை ஊற்றியபோது அவன் பதறிப்போனான்.

“சாச்சா, இதக் குடிச்சா நோம்பு முறியுமா?”

“நீ பயணத்துல இரிக்காய். பயணத்துல நோம்ப விடலாம், பரவாயில்ல” என்று சாச்சா ஃபத்வா கொடுத்தார்.

அடுத்த கட்டத்துக்குப் போனதும் எல்லோருக்கும் மறுபடி ஒரே அளவு கிடைத்தது. நானாவின் பையில் பழையதும் புதியதும் பிதுங்கின. என்னிடம் குப்பிகளில் புதியவை மட்டும்தான்.

“என்ட பையையும் நானாட அளவுக்கு நிரப்புங்க சாச்சா. நான் தம்பிக்குத்தானே குடுத்த?”

“அவ ஊத்தித் தீத்தத நீங்க நிரப்பினா, நான் என்னத்துக்குச் சேத்து வெச்ச?” என்றார் நானா.

சாச்சா மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: “குடிச்சதும் உன்ட பங்குதான் மகள். முடிஞ்சாலும் அது கணக்குல நிக்கும். இல்லாட்டி ஒருத்தரும் சேத்து வெக்க மாட்டாங்க.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தம்பி ஊர்ந்து வந்து என் காதில், “நான் இனி அடிபடமாட்டன் ராத்தா” என்றான்.

மறுநாள் ஒரு குகை. கடலுக்குள் இறங்கிப் போகும் குகை. சாச்சா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சுவரெல்லாம் சிப்பி. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நீல வெளிச்சம். காலடியில் மணல் மெத்தென்றிருந்தது. நேற்றுச் சொன்னதை மறந்து தம்பி முன்னால் ஓடினான். அவன் உருட்டிய காய் மிக மோசமாக விழுந்தது.

“கடல் உள்ள வருது” என்றார் சாச்சா. “கறுப்பா, மலை மாதிரி வருது. தம்பிய அடிச்சி இழுத்துட்டு...”

அத்தோடு நிறுத்திக் கண்ணைத் திறந்தார். நானாவைப் பார்த்தார்.

நானா எழுந்து உட்கார்ந்திருந்தார். “என்ட தண்ணிய ஊத்துங்க.”

“ஒரு குப்பி போதும் மகன்.”

“எல்லாத்தயும் ஊத்துங்க. கயித்தயும் வீசுங்க. என்னட்ட இரிக்கிற எல்லாத்தயும் எடுங்க சாச்சா!”

அது நானாவின் குரல் போலவே இல்லை. நிஜத் தம்பியின் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். “நோகுது நானா” என்று தம்பி முனகினான். சாச்சா காய் உருட்டச் சொல்லவில்லை. நானாவின் முதுகில் கை வைத்து, “புடிச்சிட்டாய். உன்ட கைக்குள்ளதான் இரிக்கான். புடிச்சிட்டாய் மகன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உம்மா அகப்பையோடு வந்து வாசலில் நின்றா. நானாவைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனா.

கொஞ்ச நேரம் கழித்துச் சாச்சா நானாவின் பையைப் பழையபடி நிரப்பினார். ஒன்று குறையாமல் எல்லாவற்றையும். நான் துள்ளி எழுந்தேன்.

“முடிஞ்சாலும் கணக்குல நிக்கும் எண்டு நேத்து நீங்கதானே சொன்ன! ஒரு குப்பி போதும் எண்டும் நீங்கதான் சொன்ன!”

“இது கணக்கில்ல மகள்” என்றார் சாச்சா.

நோன்பு திறக்கும்போது உம்மாவிடம் முறையிட்டேன். உம்மா நானாவின் தட்டில் இன்னுமொரு ரோல்ஸை வைத்தா. எனக்குப் புரிந்துவிட்டது: இந்த வீட்டில் நியாயம் என்பதே மூத்த பிள்ளைக்குத்தான்.

சுனாமி வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. நானா மிகச் சின்னப் பிள்ளை. நடக்கப் பழகியிருந்த ஒரு தங்கச்சி அவருக்கு இருந்தாள் என்பதும், அன்று காலை அவளுடைய கை அவருடைய கைக்குள்தான் இருந்தது என்பதும் நான் வளர்ந்த பிறகு, பல வருடங்கள் கழித்து, உம்மா ஒரேயொரு தடவை சொல்லித் தெரிந்துகொண்டவை. அந்த நோன்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நானாவுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி என்பதுதான். பெருநாள் வரைக்கும் நான் சாச்சாவோடு கதைக்கவில்லை.