ராயல்டியும் வலக்கண் விரிசலும்

“என் ஆயுசுல ஒருத்தர்கிட்டயும் ‘எடுத்துக்கலாமா’ன்னு கேட்டது கிடையாது. இனிமேலும் கேக்கப்போறதில்ல. சூரியன் யாரைக் கேட்டு உதிக்குது?”

இந்தப் பிரகடனம் வெளியானபோது அவர் தம் கடை வாசலில், ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மிச்சமுள்ள கால்கள்மேல் நம்பிக்கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைத் தையல்காரர் பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, “சூரியன் அடுத்தவங்க படத்தைப் பனியன்ல போட்டு விக்கலியே அண்ணே” என்றார். மகத்தான உரைகளுக்கு நடுவே இப்படி ஒரு குறுக்கீடு எந்தச் சபையிலும் உண்டு.

கடைத்தெருவில் அவருக்கு ராயல்டி என்று பெயர். ஒல்லியான ஆளைப் பயில்வான் என்று கூப்பிடுவோமே, அந்த நியாயத்தில் வந்த பெயர். பனியனில் படம் அச்சடித்து விற்பது தொழில். கார்ட்டூன் பூனையோ, பந்தாட்டக்காரரின் முதுகு எண்ணோ, எது நேற்று மக்கள் மனத்தில் புகுந்ததோ அது இன்று அவர் கடைக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். எதையும் படைத்தவருக்குச் சொல்லிவிட்டுச் செய்ததில்லை.

இந்தக் கொள்கை சிறுவயதிலேயே வேர்விட்டது. பள்ளி ஓவியப் போட்டியில் பக்கத்து இருக்கைக்காரனின் மலையையும் ஆற்றையும் பார்த்து வரைந்து முதல் பரிசு வாங்கினார். அசல் மலைக்கு இரண்டாம் பரிசு. கல்யாணத்திலும் அதே நெறிதான். “திங்கள்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்திருக்கும், வந்துடு” என்றார். சம்மதமா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண், அவர் வாயைத் திறப்பதற்கு முந்தின வாரமே திங்கள்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இந்த விவரத்தைக் கணவரிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஆம்பிளைகளின் பெருமையைக் கட்டிப்போடக் கூடாது, கொஞ்சம் மேயவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

ராயல்டியின் கடைக்கு வாழ்வு வந்தது விரிசல் வீரனால். விரிசல் வீரன் ஒரு சிறுவர் வார இதழில் வந்த படக்கதை நாயகன். தலையில் கடலில் மூழ்குகிறவர்கள் மாட்டும் பித்தளைக் கவசம், அதன் கண்ணாடியில் இடக்கண்ணுக்கு நேரே ஒரு விரிசல். கடலடியில் திருடர்களைப் பிடிப்பான். இதழ் நின்று பல வருஷம் ஆகியும் அவனுக்கு ரசிகர்கள் குறையவில்லை. ராயல்டி அவனையும் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதில் ஒரு சிறு கைப்பிசகு. பனியனில் அச்சடிக்க, படத்தை ஒளிபுகும் தாளில் வரைந்து, மெல்லிய வலை கட்டிய சட்டகத்தின்மேல் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். ராயல்டி தாளைத் திருப்பி வைத்துவிட்டார். இடக்கண் விரிசல் வலக்கண்ணுக்குப் போய்விட்டது. அடுக்கு அடுக்காக அச்சடித்து முடித்த பிறகு மனைவிதான் கண்டுபிடித்தார்.

“ஏங்க, இவனுக்குக் கண்ணு மாறியிருக்கு.”

“கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கச் சொல்லு. சரியா இருக்கும்.”

பனியன் பறந்தது. வலக்கண் விரிசலோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதில் அவர் மகளும் ஒருத்தி.

மகளுக்கு வேலை, அடுத்தவர்களின் பிறந்தநாள் வீடியோக்களை வெட்டி ஒட்டுவது. ஊரார் ஊதும் மெழுகுவர்த்திகளையே பார்த்துப் பார்த்து ஒருநாள் அவளுக்கு அலுத்துப்போனது. விரிசல் வீரனை வைத்துத் தானே ஒரு படம் எடுக்கத் தீர்மானித்தாள். இணையத்தில் அறிவித்ததும் வீரனின் ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். போட்டவர்களுக்கு நன்றியாக ஒரு பனியன். பனியன் யார் தயாரிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியும் அலுமினியச் சட்டியும் சேர்ந்து கவசமாயின. விரிசலை மகள் மையால் கீறினாள், அப்பாவின் பனியனைப் பார்த்து, வலக்கண்ணுக்கு நேரே. கதையில் சொந்தமாக ஒருத்தியையும் சேர்த்தாள்: துறைமுகத் தெருவில் கடை போட்டு, ஒழுகும் கவசங்களை ஒட்டித் தரும் ஒட்டுக்காரி. வீரன் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து நின்றால், “முதல்ல காலைத் துடைச்சுட்டு உள்ள வா” என்பாள். ஒட்டுக்காரி யாருடைய சாயல் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படம் முக்கால்வாசி முடிந்து, ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் திரையிட நாளும் குறித்த சமயத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. விரிசல் வீரனை வரைந்த பெண்மணி இப்போது பல் டாக்டர். பதிப்புரிமை அவரிடம்தான் இருந்தது. ஆசைக்குப் படம் எடுத்தால் ஆட்சேபம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பனியன் கொடுப்பது வியாபாரம். பனியன் நிற்காவிட்டால் படமும் நிற்கும். பல் டாக்டர்கள் எதையும் வேரோடுதான் பேசுவார்கள்.

“நீங்க ஒரு தடவை அந்தம்மாகிட்ட போய்ப் பேசுங்கப்பா” என்றாள் மகள்.

“பேசறதுக்கு என்ன, பேசலாம். ஆனா கேக்க மாட்டேன்.”

“கேக்காம என்ன பேசுவீங்க?”

“வழி இருக்கும்மா. மூஞ்சிக்குப் பதிலா முதுகை அச்சடிச்சுடறேன். முதுகுக்கு யாரு காப்பிரைட் வச்சிருக்கா?”

வழக்கமாக இதற்கெல்லாம் சிரிக்கிற பெண், அன்று சிரிக்கவில்லை. கவசத்தை ஒரு பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேல் தூக்கி வைத்தாள். மறுநாள் காலை யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளை வெட்ட உட்கார்ந்துவிட்டாள். ராயல்டிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இறங்காத விஷயத்தையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மட்டும் தட்டைப் பார்த்துவிட்டு, “முதுகு வழியா சாப்பிடுங்க” என்றார்.

அந்த வாரமே எதிர்க்கடையில், பை விற்கிற கடையில், புதிதாகப் பனியன் தொங்கியது. விரிசல் வீரன். விரிசல் வலக்கண்ணில்.

ராயல்டி தெருவைக் கடந்த வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் இறங்கி வழிவிட்டார்.

“இது என் விரிசல்” என்றார்.

“எதுண்ணே?” என்றார் பைக்கடைக்காரர்.

“அசல்ல இடக்கண்ணு. வலக்கண்ணுல விரிஞ்சது உலகத்துலயே என் கடையில மட்டும்தான். தாளைத் திருப்பி வச்சது நான். அது என் சொந்தத் தப்பு.”

“தப்புக்கெல்லாமா உரிமை கொண்டாடுவாங்க?”

“எவ்வளவு வருஷமா கட்டிக் காப்பாத்தின தப்பு தெரியுமா? எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

தையல் இயந்திரம் நின்றது. தாம் சொன்ன வாக்கியம் எதிர்ச்சுவரில் பட்டுத் தம்மிடமே திரும்பி வருவதை ராயல்டி நின்று கேட்டார்.

“திடீர்னு மேகம் போட்டுடுச்சே” என்றார் தையல்காரர், வானத்தைப் பார்த்து. வானம் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் ராயல்டி பல் டாக்டரிடம் போனார். மன்னிப்புக் கேட்க அல்ல, அனுமதி கேட்க அல்ல. பல்வலி என்று பெயர் பதிந்துகொண்டு போனார். துணைக்கு மகள். சாய்வு நாற்காலியில் படுத்ததும் டாக்டர் விளக்கைத் திருப்பினார். நரை ஓடிய தலை, மெல்லிய விரல்கள்.

“எந்தப் பல்லு?”

ராயல்டி கைக்கு எட்டிய ஒரு பல்லைக் காட்டினார்.

“அது நல்லா இருக்கு. பக்கத்துல இருக்கறதுதான் போயிடுச்சு. நல்லாத் திறங்க.”

இப்படியாக, யாரிடமும் வாய்திறந்து கேட்க மாட்டேன் என்றவர் வாயை அகலத் திறந்து படுத்திருந்தார். இரண்டு பக்கமும் பஞ்சு. இனி அவர் நினைத்தாலும் கேட்க முடியாது. மகள்தான் தாங்கள் யார் என்று சொன்னாள்.

டாக்டரின் கை நின்றது. “வலக்கண் விரிசல் நீங்கதானா?”

“ஆ” என்றார் ராயல்டி.

“என் அண்ணனுக்கு இடது கண்ணுல பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. அவனுக்குன்னு ஒரு வீரன் வேணும்னு வரைஞ்சேன். உங்க பனியனை நான்தான் ஒருநாள் தெருவுல பாத்துட்டு வாங்கிட்டுப் போய்க் காட்டினேன். ‘பாரு, இருந்த நல்ல கண்ணையும் குத்திட்டாங்க’ன்னான். அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.”

ராயல்டியின் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் இறங்கியது. பல் டாக்டர் நாற்காலியில் அழுகிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த வசதியை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

“பனியன் இனிமே கிடையாது டாக்டர்” என்றாள் மகள். “பணம் குடுத்தவங்க பேரு படத்துல வரும், அவ்வளவுதான். படத்தை மட்டும் முடிச்சுக்கலாமா?”

“வலக்கண்ணோடயா?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “வீரன் வர்ற இடமெல்லாம் படத்தையே இடவலமாத் திருப்பிப் போட்டுடறேன். விரிசல் இடக்கண்ணுக்கு வந்துடும்.”

“அப்பா பண்ணினதையே நீயும் பண்ணப்போற?”

“ஆமா. ஆனா உங்களைக் கேட்டுட்டு.”

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கைபேசியில் அவள் காட்டிய காட்சிகளைக் கையுறையோடு குனிந்து பார்த்தார். ஒட்டுக்காரி வந்ததும், “இவ யாரு? இவளை நான் வரையலையே” என்றார்.

“நான் சேத்தது. எடுத்துடணுமா?”

“எதுக்கு? இவ உன்னோடவ. பத்திரமா வச்சுக்கோ. இங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டுக் காத்திருக்கார், முதல்ல அவரைப் பாக்கறேன்.”

சொத்தைப் பல் வெளியே வந்தது. சட்டப்படி பார்த்தால் ராயல்டி இன்னும் யாரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை. வீங்கிய கன்னத்தோடு கடைக்கு வந்தவர், விரிசல் வீரன் சட்டகத்தைத் தாமே தேய்த்துக் கழுவினார். எதிர்க்கடையில் தொங்கிய பனியனையும் டாக்டரின் அண்ணன் கதையைச் சொல்லிக் கழற்ற வைத்தார். அதைச் சொல்வதற்குக் கன்னம் ஒத்துழைக்காததால் பைக்கடைக்காரருக்குப் பாதிதான் புரிந்தது. பாதியே போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூட அரங்கத்தில் படம் ஓடியது. திருப்பிப் போட்ட காட்சிகளில் கடைப் பலகைகளின் எழுத்துகளும் திரும்பியிருந்தன. சுவர்க்கடிகாரம் பின்னால் ஓடியது. முன்வரிசையில் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன், “கடலுக்கடியில நேரம் அப்படித்தான் ஓடும்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒட்டுக்காரி வாயைத் திறந்தபோதெல்லாம் அரங்கம் அதிர்ந்தது. ராயல்டியின் மனைவி மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது நாலைந்து பேர் ராயல்டியைப் பிடித்துக்கொண்டார்கள்: ஒட்டுக்காரி படம் போட்ட பனியன் கிடைக்குமா?

மறுநாள் காலை, கடையின் உள்ளறையில், அவர் ஒட்டுக்காரியை ஒளிபுகும் தாளில் வரைந்து முடித்தார். இடுப்பில் கை, கையில் பசை தூரிகை. தாளைச் சட்டகத்தின்மேல் வைத்தார். திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மை கலக்கித் தயாராக இருந்தது, பனியன்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. விளக்கு ஸ்விட்சில் விரல் வைத்தவர், அழுத்தாமல் நின்றார்.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு முன்கடைக்கு வந்தார். உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து மகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் தையல்காரர் குனிந்து பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாத அளவுக்கு ராயல்டி குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஏம்மா, இவளை எடுத்துக்கலாமா?”