ஒரு மணி பத்து நிமிடம்

கலாதேவியைப் போல மனிதர்களை நம்புகிற ஒருத்தியை எங்கள் செமோர் ஊரில் நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையைக் கூடப்பிறந்தவனே குழி தோண்டிப் புதைத்துவிட்டான். நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட். அவள் அம்மா செத்தபோது தம்பி பவித்ரனுக்கு ஆறு வயது. எஸ்டேட் லயத்து வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கலாதேவி. புருசன் கனகராஜ் போய்ச் சேர்ந்த பிறகும் அவனைப் படிக்க வைத்தாள். இன்றைக்கு அவன் ஈப்போவில் விமான டிக்கெட் கடை வைத்திருக்கிறான்.

அங்கே நானும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாடம்தான் ஒப்பிப்பான்.

"பெரிய ஏர்லைன்ல ஒரே டிக்கெட்டுன்னா, நடுவுல பிளேன் மாறினாலும் பெட்டிய அவனே ஏத்திருவான். லேட்டானா அடுத்த பிளேன்ல அனுப்புவான். மலிவு பிளேன் அப்படி இல்லலா. ரெண்டு டிக்கெட் எடுத்தா ரெண்டும் வேற வேற. வெளிய வந்து, பெட்டிய எடுத்து, மறுபடியும் போடணும். நடுவுல அஞ்சு மணி நேரமாவது விடணும்."

அவனுக்குத் திருச்சியில் பெண் அமைந்தது. நாத்தனார் போடும் மூன்றாவது முடிச்சு தன்னுடையது என்று கலாதேவிக்கு ஒரே பூரிப்பு. அரக்கு நிறத்தில் பட்டு எடுத்தாள். சாப்பாட்டு இடைவேளையில் நூலை வைத்து என் கழுத்தில் முடிச்சுப் போட்டுப் பழகினாள். "ஐயோ, மூச்சு முட்டுதுலா, விடு!" என்று கத்தினால் சிரிப்பாள்.

பவித்ரனும் சித்தி மகள் சாந்தினியும் மற்ற உறவுகளும் கோலாலம்பூரிலிருந்து பெரிய விமானத்தில் கிளம்பினார்கள். "அதுல சீட்டு முடிஞ்சிருச்சுக்கா. நீ ஈப்போவுல ஏறி, சிங்கப்பூர்ல மாறி வந்துரு" என்றான் இவளிடம்.

விமான நிலையத்தில் அவளை இறக்கிவிட்டவள் நான்தான். இரண்டு டிக்கெட்டுகள், இரண்டும் மலிவு விமானம். நடுவில் ஒரு மணி பத்து நிமிடம்.

"கலா, இது சரியா வருமா?"

"போடி ரோசரி. எஸ்டேட்ல ஆள் ஏத்துற லாரி தலைய எண்ணாம கிளம்புமா? பிளேன்காரங்ககிட்ட தம்பி சொல்லி வெச்சிருப்பான். அவன் தொழிலே இதுதானே."

தொழில் தெரிந்தவன் செய்தது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மடச்சி நான்!

விமானம் நேரத்துக்குத்தான் போய் இறங்கியது. பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசையில் நின்று, பட்டு இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கவுண்ட்டரை மூடி அரை மணி ஆகியிருந்தது. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்களாம். கும்பிட்டுக் கெஞ்சினாள்.

அங்கிருந்த தமிழ்ப் பெண் டிக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "இது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. விவரம் தெரிஞ்ச யாரும் இப்படி எடுக்க மாட்டாங்களே. யாரு எடுத்துக் கொடுத்தது?"

மறுநாள் காலை முகூர்த்தம். வேறு எந்த விமானத்திலும் இடமில்லை. பவித்ரன் போனை எடுக்கவே இல்லை. பஸ்ஸில் ஈப்போ திரும்பும் வழியில்தான் கல்யாண வீடியோ வந்தது. மூன்றாவது முடிச்சைச் சாந்தினி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சாந்தினியே வந்து, என் எதிரில் இவள் காலைப் பிடித்து அழுதாள். "புருசன் இல்லாதவங்க முடிச்சு போடக்கூடாதுன்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்கக்கா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே அண்ணன் என்னைய தயாரா இருக்கச் சொல்லிட்டாரு."

மறுநாள் பவித்ரன் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"லக்கேஜ் லேட்டா வந்திருக்கும்க்கா. நான் என்ன பண்ண முடியும்?"

கலாதேவி அவனை உட்காரச் சொல்லவில்லை. "ரெண்டு டிக்கெட்டுக்கு நடுவுல எத்தன மணி நேரம் விடணும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லுவ?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"அஞ்சு."

"என் கை படக்கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, கடைசி நாற்காலியில உக்காந்து அட்சதை போட்டுட்டு வந்திருப்பேன்டா. பேரு தெரியாத ஆளுக்காவது இப்படி ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பியா நீ?"

இனிப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.