பத்து நாள் நெஞ்சுவலி

கோவிந்தப்பாவை நான் திட்டாத நாள் கிடையாது. இப்போதும் திட்டுகிறேன். கேட்கத்தான் அவன் இல்லை.

பீன்யாவில் எங்கள் கம்பெனியில் ரெமிஜியஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும்; பன்னிரண்டு வருடம் யூனியன் காரியதரிசி நான். கோவிந்தப்பா லேத் மெஷினில் நின்றான். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான், ஒரு நாள் தாமதம் கிடையாது. பேச்சும் குறைவு. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் கால்பந்து. கோடையில் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் டோர்னமென்ட் வந்துவிட்டால் அவன் பேட்டை டீமுக்கு அவன்தான் லெஃப்ட் விங். கம்பெனி அதற்கெல்லாம் லீவு தருமா? தராது. அதனால் தொழிலாளர்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் மெடிக்கல் சீட்டு வாங்கிவிடுவோம். யோக்கியன் மாதிரி என்ன பேச்சு, எல்லோரும் செய்ததுதான். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா எதுவானாலும் முந்தின நாள் எங்களுக்கு வியாதி வந்துவிடும்.

சீட்டு எழுதி வாங்குவது யூனியன்காரன் வேலை, அதாவது என் வேலை. வயிற்றுப்போக்கு என்றால் டாக்டர் மூன்று நாளுக்கு மேல் எழுத மாட்டார். முதுகுவலி என்றால் ஆயிரம் கேள்வி. நெஞ்சுவலிக்குப் பத்து நாள், மேனேஜர்கூட வாயைத் திறக்க மாட்டார். கோவிந்தப்பாவுக்கு நெஞ்சுவலியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். எழுபத்து நாலிலிருந்து பதினோரு கோடை, வருடம் தவறாமல் பத்து நாள் நெஞ்சுவலியோடு அவன் மைதானத்தில் குதிரை மாதிரி ஓடினான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ரிடையர் ஆனான். ரிடையர் ஆனவனும் பெண்டாட்டியும் வருடா வருடம் ஒரு சின்னத் தொகை கட்டி வந்தால் டிஸ்பென்சரி வைத்தியம் தொடரும். பெரிய ஆபரேஷன் என்றால் அவர்களே செலவு கொடுத்து வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நான் விடாமல் கட்டினேன். அவன் ஒரே வருடம்தான் கட்டினான்.

அவன் விட்டதற்குக் காரணம் அருவருப்பு. அதில் நான் குறை சொல்ல முடியாது. டிஸ்பென்சரியில் சுவர் முழுக்க வெற்றிலை எச்சில், கக்கூஸ் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் போக முடியாது, பெஞ்சுக்கு மூன்று கால். அவன் மனைவி யசோதாவுக்கு மூட்டுவலி, அதோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். மருந்து கொடுக்கிறவன் மாத்திரையை எறிந்த எறியில் நாலு கீழே உருண்டன. வேறு கொடுங்கள் என்று கேட்டதற்கு, பொறுக்கித் துடைத்து முழுங்கு என்றான். முழங்கால் மடங்காதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கோவிந்தப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தி வெளியே கூட்டி வந்துவிட்டான். "நாய்க்குக்கூட தட்டுல போடுவாங்கடா. செத்தாலும் இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான்.

அந்தச் சமயம் பார்த்து அவன் மகன் நாகேஷ் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியின் திட்டத்தைக் கொண்டு வந்தான். வயதானவர்களுக்கென்றே போட்டதாம். வழவழப்பான புத்தகத்தில் நரைத்த தம்பதி பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். ஏ.சி. ஆபீசில் உட்காரவைத்து, காபி கொடுத்து, வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டார்கள். ஆயுசு முழுக்க 'ஏய் கோவிந்தா' என்று கூப்பிடப்பட்டவன் அதில் விழுந்துவிட்டான். இதையும் வைத்துக்கொள், அதையும் விடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூன்று வருடம் கழித்து நிஜமாகவே நெஞ்சு வலித்தது. மாடிப்படி நாலு ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிடும். ரத்தக்குழாய் மூன்றில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் தங்காது என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பழைய வைத்தியக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. இந்த மடையன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, உறை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்த, சீட்டு கொடுத்தபோதெல்லாம் டாக்டர் வியாதியை எழுதிய டிஸ்பென்சரி புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் சர்க்கார் முத்திரை இருக்கிறது, அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தான். தவளை தன் வாயால் கெட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. எழுபத்து நாலிலிருந்தே இருதய நோய், மறைத்துவிட்டு பாலிசி எடுத்திருக்கிறார், ஆகையால் பணம் கிடையாது.

நாகேஷ் எனக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினான். கோவிந்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். பத்ரிநாத் என்று ஒரு அதிகாரி, மழமழவென்று சவரம் செய்த முகம். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கக்கினேன். சீட்டு பொய், நான்தான் எழுதி வாங்கினேன், அந்தப் பத்து நாளும் இவன் பந்து விளையாடினான், பேட்டையே சாட்சி சொல்லும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நோய் நிஜம்னா மறைச்சிருக்கீங்க சார். பொய்னா, பொய் சொல்லி லீவு எடுத்தவர் எங்க ஃபார்ம்ல மட்டும் உண்மை எழுதியிருப்பார்னு எப்படி சார் நம்பறது?"

தூ! இதற்கும் ஒரு சார். அந்த டிஸ்பென்சரிக்காரன் மாத்திரையைத்தான் எறிந்தான். இவர் ஆளையே சிரித்துக்கொண்டு எறிந்தார். அவரை அறையலாம் போலிருந்தது. அதைவிட என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கோவிந்தப்பா மூச்சு வாங்க நாற்காலியின் விளிம்புக்கு வந்தான்.

"நிஜம்னு எழுதணுமா, பொய்னு எழுதணுமா, நீங்களே சொல்லுங்க சார். எதுல ஆபரேஷன் நடக்குமோ அதுல கையெழுத்துப் போடறேன்."

பத்ரிநாத் ஆளை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதன் பிறகு அவன் மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியையும் மிதித்தான். விட்டுப்போனவரைத் திரும்பச் சேர்க்க மேலிடத்து உத்தரவு வேண்டும், ஃபைல் போய்வர நாளாகும் என்றார்கள். கடைசியில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தோம். ஏழு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் படுக்கை கிடைக்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறாவது வாரம், காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை யசோதா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, அவன் பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நர்சிடம் சீட்டை நீட்டினாள்.

"அவரு இல்லம்மா. அவரு படுக்கைய சும்மா வெச்சிருக்காதீங்க, அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."